கரும்புக் கட்டுடன் கோயம்புத்தூருக்கு

சென்ற ஐப்பசி மாதக் கடைசியில், அடைமழைக்கு நடுவே, ஒரு காரியத்தின் பொருட்டு நான் கோயம்புத்தூர் வரையில் சென்று வர நேர்ந்தது. கல்யாணம், க்ஷேத்திர யாத்திரை, கோர்ட்டு விவகாரம் ஆகிய இம்மூன்றுக்குமன்றி எங்கள் பக்கத்துக் குடியானவர் ஊரை விட்டுப் புறப்படுவது அபூர்வம். அதிலும் சம்பா வயலில் மழை நீரை வடிப்பதற்கு மண்வெட்டியும் கையுமாக வரப்பிலே நிற்க வேண்டிய நாட்களில் புறப்படுவதென்பது வீட்டாருக்கே பிடிக்காத செயல். ஆயினும் நான் புறப்பட்டேன். காரணம் எனது கரும்பு.

எங்கள் கிராமம் கொள்ளிடத்தின் தென்கரையைச் சார்ந்தது. நெல்லே பிரதானமாயினும், படுகை நிலத்தில் கரும்பு வைத்து வெல்லம் காய்ச்சுவது எங்களிற் சிலருக்குப் பரம்பரை வழக்கம். எனக்குள்ள கரும்பு 3 ஏக்கர். இரகம் கோ.சி. 671. சர்க்கரைச் சத்து மிகுந்ததும் வெல்லத்துக்கு உகந்ததுமான இந்த இரகத்தின் மேல் எங்களுக்கு ஒரு மோகம் உண்டு. வேறு இரகம் வையுங்கள் என்று சொன்னவர்களைப் பல வருஷங்களாகச் செவி கொடாமல் அனுப்பியிருக்கிறோம். 3 ஏக்கரில் 2 ஏக்கர் ஆலைக்கு. மீதி 1 ஏக்கர், மார்கழி தை மாதங்களில் நடுவோருக்கு விதைக் கரணையாகக் கொடுப்பதற்கு என்றே சித்திரையில் நட்டது. சென்ற வருஷம் என்னிடம் மூன்று பேர் கரணை வாங்கினார்கள். இவ்வருஷம் ஐந்து பேர் அச்சாரம் கொடுத்திருந்தார்கள்.

ஆவணி மாதத்தில் சில தூர்களில் மேலிருந்து மூன்றாவது, நான்காவது இலைகள் ஓரத்தில் மஞ்சளித்து வாடலாயின. புரட்டாசியில் அத்தூர்கள் உச்சி முதல் காய்ந்து நின்றன. இடைக்கணுப் புழுவென்று ஒருவர் சொன்னார். சத்துக் குறைவென்று ஒருவர் சொன்னார். உரக்கடைக்காரர் கொடுத்த மருந்தை மூன்று தடவை தெளித்தேன். தெளித்ததற்குச் செலவு ஆயிற்றேயன்றி வாட்டம் நிற்கவில்லை. எங்கள் கிராம நிர்வாக அலுவலர் இளைஞர். கோயம்புத்தூரில் விவசாயக் கல்வி பெற்றவர். அவர் ஒருநாள் அடங்கல் எழுத வந்தவிடத்தில் கரும்பைப் பார்த்துவிட்டு, "ஐயா, இதை இங்கேயே நின்று பேசிப் பயனில்லை. கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கொண்டுபோய்க் காட்டி விடுங்கள்" என்றார். அவர் முகம் போன போக்கு எனக்கு நல்லதாகத் தோன்றவில்லை. மறுநாளே நான்கு கரும்புகளை வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றிக் கட்டி, மயிலாடுதுறையிலிருந்து கோயம்புத்தூர் செல்லும் ஜனசதாப்தி ரயிலில் கும்பகோணத்தில் ஏறினேன்.

ரயிலில் ஒரு சங்கடம் உண்டாயிற்று. எதிர் ஆசனத்தில் இருந்த சிறு பெண் குழந்தை கட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கரும்பைக் கண்டு, ஒரு துண்டு வேண்டுமென்று கேட்டது. குழந்தைக்குக் கரும்பு இல்லையென்று சொல்வது எங்கள் வழக்கத்திலே கிடையாது. நோய்க் கரும்பு அம்மா, இதைத் தின்னக் கூடாது என்று சொல்லிக் கட்டை ஆசனத்துக்கு அடியில் தள்ளினேன். குழந்தை திருச்சி வரும் வரையில் என்னைச் சந்தேகத்துடனேயே பார்த்துக்கொண்டிருந்தது. திருச்சிக்கு அப்பால் கரூர், ஈரோடு என்று வண்டி மேற்கே செல்லச் செல்ல நெல்வயல் குறைந்து, தென்னையும் மஞ்சளும் மேட்டுக் காடுமாகக் காட்சி மாறும். ஈரோட்டைத் தாண்டும்போது இருட்டி விட்டபடியால் அதை நான் பார்க்கக் கூடவில்லை. ஆனால் கோயம்புத்தூர் ஸ்டேஷனில் இறங்கினவுடன் மேனியிற்பட்ட காற்று வேறாக இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு வாசற்படி போல் திறந்திருப்பதால், அவ்வழியே வரும் காற்று இந்நகரத்தை வருஷத்தில் பெரும்பகுதி குளிர்ச்சியாக வைத்திருக்கிறது. நகரம் கடல் மட்டத்துக்குச் சுமார் 1,350 அடி உயரத்தில் இருப்பதும் இதற்கு அனுகூலம்.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் ஒருவர் எனது கட்டைப் பார்த்து, "ஏனுங்க, பொங்கலுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்குதுங்களே, அதுக்குள்ள கரும்போட வந்துட்டீங்க?" என்றார். காரியத்தைச் சொன்னேன். சிரிப்பை உடனே நிறுத்திக் கொண்டார். தங்குவதற்கு இடம் எங்கே என்று கேட்டதற்கு, எதிரிலிருந்த தெருவைக் கைகாட்டி, இதற்கு ஆட்டோ எதற்குங்க, நடந்தே போய்விடலாம் என்றார். காலையில் ஆராய்ச்சி நிலையத்துக்குத் தாமே கொண்டுபோய் விடக்கூடுமென்றாலும், வடவள்ளிப் பக்கம் செல்லும் பஸ்ஸில் ஏறினால் பத்தில் ஒரு பங்கு காசில் போய்ச் சேரலாம் என்றும், கண்டக்டரிடம் இன்ன இடமென்று சொல்லி வைத்தால் இறக்கி விடுவார் என்றும் விவரமாகச் சொன்னார். தமக்கு வரவேண்டிய இரண்டு சவாரிகளை அவர் இவ்வாறு இழந்தார். நான் பல ஊர்களில் ஆட்டோவில் ஏறியிருக்கிறேன். இப்படி ஒருவர் தம் வியாபாரத்துக்கு விரோதமாகவே வழி சொன்னதைக் கண்டதில்லை.

கொங்கு நாட்டார் சிறியவர் பெரியவர் என்ற பேதமின்றி எல்லோரையும் "ங்க" சேர்த்துப் பேசுவதைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஒரு பரிகாசம் உண்டு. மரியாதை அவர்கள் நாக்கின் நுனியில் இருக்கிறது, அதற்கு உள்ளே இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும் என்பார்கள். நானும் அப்படிச் சொல்லிக் கொண்டிருந்தவனே. மூன்று நாள் அங்கே இருந்த பின்பு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ் கண்டக்டர், ஹோட்டலில் இலை போட்டவர், நிலையத்து வாசற்காவலர் ஆகிய எல்லோருமே நான் கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை அதிகமாகச் சொன்னார்கள், அந்த ஒரு வார்த்தை எனக்கு உபயோகமாகவும் இருந்தது. குறை சொல்ல வேண்டுமானால் வீதிகளில் வண்டி நெரிசலைச் சொல்லலாம். சாலையைக் கடப்பதற்குக் கால்மணி நேரம் நின்றிருக்கிறேன்.

இந்நகரம் ஆற்று வளத்தால் பெருகியதன்று என்பதை நமது நேயர்கள் கவனிக்க வேண்டும். மலையின் மறைவில் மழை குறைந்த பிரதேசம். நொய்யல் என்னும் சிற்றாறும், அதிலிருந்து வாய்க்கால் வெட்டி நிரப்பிய குளங்களுமே பழைய நாளில் ஆதாரம். குடிதண்ணீரே 1930-ஆம் ஆண்டை ஒட்டிய வருஷங்களில் சிறுவாணி மலையிலிருந்து குழாய் வழியாகக் கொண்டுவரப்பட்டது. கரிசல் பூமியில் விளைந்த பருத்தியை நம்பி 1888-இல் இங்கே நூற்பாலை தோன்றிற்று. 1932-இல் நீலகிரியில் பைக்காரா மின்சாரம் உற்பத்தியானபின் ஆலைகள் பலவாகப் பெருகின. அதே மின்சாரமே கிணற்றில் கவலை மாட்டுக்குப் பதிலாக மோட்டாரை வைத்தது. மோட்டாரும் பம்பும் செய்யும் பட்டறைகள் வீதிக்கு வீதி ஏற்பட்டன. தண்ணீர் ஆழத்தில் இருந்தபடியால் அதை மேலே கொண்டுவரும் யந்திரத்தை இவ்வூரார் கற்றுக்கொண்டார்கள். எங்கள் ஆழ்குழாய்க் கிணற்றுப் பம்பின் தேய்ந்த புஷ் ஒன்றையும் நான் கையோடு எடுத்துச் சென்றிருந்தேன். கணபதிப் பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவர் அதே அளவில் வேறொன்றைக் கடைந்து கொடுத்துவிட்டு, பம்பு அடிக்கடி புஷ்ஷைத் தின்கிறதென்றால் மோட்டாரும் பம்பும் நேர்கோட்டில் பூட்டப்படவில்லை என்று அர்த்தம், அதைச் சரி பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். எங்கள் ஊரில் இரண்டு வருஷமாக ஒருவரும் சொல்லாத விஷயம் அது.

விவசாயக் கல்விக்கும் இந்நகரம் பழைய இருப்பிடம். சென்னைச் சைதாப்பேட்டையில் 1868-இல் தொடங்கிய விவசாயப் பள்ளியின் தொடர்ச்சியாக 1906 முதல் விவசாயக் கல்லூரி இங்கே நடைபெறலாயிற்று. அக்கல்லூரியை மையமாகக் கொண்டே 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. கரும்பு இன விருத்திக்கென்று தனி நிலையம் 1912-இல் ஸ்தாபிக்கப்பட்டது. நான் தேடிச் சென்றது இதைத்தான்.

வாசலில் கட்டைக் கண்டவுடன் காவலர் என்னை உள்ளே விடாமல் நிறுத்தி, போனில் யாருடனோ பேசினார். சற்று நேரத்தில் நோய்ப் பிரிவைச் சேர்ந்த அம்மையார் ஒருவரே வாசலுக்கு வந்தார். முதலில் அவர் செய்தது என்னைக் கண்டித்ததே. கண்டிப்பும் அவ்வூர் மரியாதையோடுதான் இருந்தது. "ஐயா, இவ்வளவு தூரம் சிரமப்பட்டு வந்திருக்கிறீர்கள். ஆனால் நோய் கண்ட கரும்பை இப்படிச் சாக்கில் சுற்றி ஒரு ஜில்லாவிலிருந்து இன்னொரு ஜில்லாவுக்குக் கொண்டுவரவே கூடாது. கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பி முதலில் எங்களைக் கேட்டிருக்கலாம். அல்லது உங்களுக்கு அருகிலேயே கடலூரிலும் சிறுகமணியிலும் பல்கலைக்கழகத்தின் கரும்பு ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன, அங்கே சொன்னால் அவர்களே வயலுக்கு வந்து பார்ப்பார்கள்" என்றார். கடலூர் எங்கள் ஊருக்கு எவ்வளவு சமீபம் என்பதை நினைத்து எனக்கு வெட்கமாகப் போயிற்று. கோ.சி. 671 என்ற பெயரிலுள்ள இரண்டாவது எழுத்தே கடலூரைக் குறிப்பது என்பதை அன்றுதான் நான் அறிந்தேன். முதல் எழுத்து கோயம்புத்தூர்.

கரும்பை ஒரு தனி அறையில் வைத்து நெடுக்காகப் பிளந்தார்கள். உட்புறம் வெளுப்பாக இருக்க வேண்டிய இடம் செந்நிறமாக இருந்தது. அச்செம்மைக்கு நடுவே குறுக்குவாட்டில் வெண்ணிறத் திட்டுக்கள் விட்டுவிட்டுத் தெரிந்தன. பிளந்த மாத்திரத்தில் புளித்த கள்ளின் வாடை வீசிற்று. "செவ்வழுகல்" என்று அம்மையார் ஒரே வார்த்தையாகச் சொன்னார். கரும்புக்கு வரும் நோய்களில் இதைவிடக் கொடியதை நம் நாட்டில் சொல்வதற்கில்லை. கொலட்டோட்ரைக்கம் பால்கேட்டம் என்னும் பூசணத்தால் வருவது. வெளியே இலை வாடுவதற்கு வெகு முன்பே உள்ளே தண்டு அழுகத் தொடங்கி விடுகிறது. செந்நிறம் மாத்திரம் இருந்தால் வேறு காயத்தாலும் வந்திருக்கலாம். செம்மைக்குக் குறுக்கே வெண்திட்டும் புளித்த வாடையும் சேர்ந்திருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. சந்தேகப்படும் கரும்பை இவ்வாறு பிளந்து பார்ப்பதற்கு அரிவாள் ஒன்றே போதும். நான் மூன்று மாதமாக இலையையே பார்த்து மருந்தடித்துக் கொண்டிருந்தேனே ஒழிய ஒரு கரும்பையாவது பிளந்து பார்க்கவில்லை.

அதன்பின் அவர் கேட்ட கேள்விகள் இரண்டு. சென்ற வருஷம் வெல்லம் எப்படி இருந்தது என்பது முதற் கேள்வி. அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. சென்ற வருஷம் கடைசிக் கொப்பரைகளில் பாகு அச்சில் இறுகாமல் நீர்த்துப் போயிற்று. சுண்ணாம்பு விடுவதிலே தப்பு என்று வெல்லம் காய்ச்சுகிற ஆளை நான் நாலு பேருக்கு முன் கடிந்து பேசி விட்டேன். அவர் இருபது வருஷமாக எங்கள் ஆலையில் கொப்பரை முன் நிற்பவர். பூசணமானது கரும்பிலுள்ள சர்க்கரையைச் சிதைத்து விடுகிறபடியால் பாகு கட்டியாவதில்லை என்று அம்மையார் விளக்கினார். அப்படியானால் நோய் சென்ற வருஷமே என் வயலில் இருந்திருக்கிறது.

இரண்டாவது கேள்வி: "இந்த வயலிலிருந்து எத்தனை பேருக்குக் கரணை கொடுத்திருக்கிறீர்கள்?"

மூன்று பேர் என்றேன். இந்நோய் காற்றில் பறந்து வருவதைக் காட்டிலும் விதைக் கரணைக்குள்ளேயே ஒளிந்து வயலுக்கு வயல் போவதே அதிகம் என்றும், வெளிப்பார்வைக்கு மாசற்ற கரணையிலும் அது இருக்கக் கூடும் என்றும், கரணையை மருந்து நீரில் நனைப்பதால் மேலே ஒட்டியிருப்பது போகுமேயன்றி உள்ளே புகுந்தது போகாது என்றும் அவர் சொல்லச் சொல்ல, எனக்கு அச்சாரம் கொடுத்த ஐந்து பேரின் முகமும், சென்ற வருஷம் வாங்கிப்போன மூன்று பேரின் முகமும் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன.

செய்ய வேண்டியவற்றை அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். நோய் கண்ட தூரை வேரோடு தோண்டி எடுத்து அங்கேயே எரித்துவிட வேண்டும். தோண்டிய குழியில் கார்பென்டசிம் 50 சதவீதத் தூளை லிட்டருக்கு 1 கிராம் வீதம் நீரில் கரைத்து மண் நனைய ஊற்ற வேண்டும். மீதிக் கரும்பைக் காலந் தாழ்த்தாமல் வெட்டி ஆலைக்கு அனுப்ப வேண்டும். கட்டையை மறுதாம்புக்கு விடவே கூடாது. சோகையும் கட்டையும் வயலில் மிச்சமின்றி அழிக்கப்பட வேண்டும். அந்த நிலத்தில் அடுத்த போகம் நெல் நட்டுத் தண்ணீர் கட்டலாம், கரும்பு வைக்கலாகாது. எல்லாவற்றிலும் அவர் அடிக்கோடிட்டுக் கொடுத்தது, நோய் கண்ட வயலின் தண்ணீர் அடுத்த வயலுக்குப் பாயக்கூடாது என்பது. மடைக்கு மடை தண்ணீர் இறங்கும் டெல்டாக் கிராமத்தில் இது ஒருவர் தனியாகச் செய்யக்கூடிய காரியமா? கிராம உத்தியோகஸ்தர்களும் பாசனக்காரர்களும் கூடி வடிகாலை வேறு வழி திருப்பினாலொழிய இது நடவாது. இந்தப் பத்திரிகையைப் படிக்கும் கிராம உத்தியோகஸ்தர்கள் இவ்விஷயத்தைத் தயவுசெய்து மனத்தில் வைக்க வேண்டும்.

நான் வாட்டமாக இருந்ததைப் பார்த்தோ என்னவோ, அம்மையார் உதவியாளர் ஒருவரைக் கூப்பிட்டு, இவருக்குப் பூத்த கரும்பைக் காட்டுங்கள் என்றார். கரும்பு பூக்கிறதை நம்மவர் விரும்புவதில்லை. பூத்தால் சக்கையாகும் என்போம். ஆனால் 1912-இல் இந்நிலையத்துக்குக் கோயம்புத்தூரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே இங்கே கரும்பு தாராளமாகப் பூத்து முளைக்கும் விதை கொடுப்பதுதான். வட இந்தியாவில் கரும்பு பூப்பது அரிது. பூத்தாலும் விதை பிடிப்பதில்லை. கோயம்புத்தூரில் ஐப்பசி கார்த்திகையில் வயல் முழுதும் வெள்ளிக் கவரி வீசினாற் போல் கதிர்கள் ஆடுகின்றன. ஆண்தன்மையுள்ள கதிரையும் பெண்தன்மையுள்ள கதிரையும் ஒரே துணிக்கூண்டுக்குள் சேர்த்துக் கட்டி ஒட்டுச் சேர்க்கிறார்கள். விதை பஞ்சைப் போல் மெல்லியது. பல ராஜ்யங்களைச் சேர்ந்த இன விருத்தி நிபுணர்கள் வருஷந்தோறும் இப்பருவத்தில் இங்கே வந்து தங்கி, தங்களுக்கு வேண்டிய ஒட்டுக்களைச் செய்து விதையை எடுத்துப் போகிறார்கள். நான் சென்ற அன்றும் ஹிந்தி பேசும் இருவர் ஏணி மேல் ஏறிக் கூண்டு கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கீழே நின்று ஏணியைப் பிடித்துக் கொண்டிருந்த தொழிலாளி அம்மாள், "பார்த்துங்க, பார்த்துங்க" என்று தமிழிலேயே எச்சரித்துக் கொண்டிருந்தாள். அவர்களும் தலையை அசைத்துக் கொண்டிருந்தார்கள்.

இந்நிலையத்தில் முதலில் பணியைத் தொடங்கியவர் சி. ஏ. பார்பர் என்ற தாவர சாஸ்திரி. கோதாவரி டெல்டாவில் இதே செவ்வழுகல் நோய் கரும்பை அழித்ததைப் பற்றி 1901-இல் எழுதியவரும் அவரே. அவருக்கு உதவியாக இருந்து பின்பு தலைமை ஏற்றவர் சர் டி. எஸ். வெங்கட்ராமன். பருமனான நாட்டுக் கரும்போடு, ஒருவரும் மதியாத காட்டு நாணற்கரும்பை ஒட்டுச் சேர்த்ததில் பிறந்த கோ 205 என்னும் இரகம் 1918-இல் வெளிவந்து வட இந்தியக் கரும்பு விவசாயத்தையே மாற்றிற்று. ஆனால் இரகங்களுக்கும் ஆயுள் உண்டு. இந்நிலையத்தின் கர்னால் கிளையில் உருவான கோ 0238 என்ற இரகம் 2009-இல் வெளியாகி, பத்தே வருஷத்தில் உத்தரப் பிரதேசக் கரும்புப் பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பிடித்துக் கொண்டது. எங்கும் ஒரே இரகமாக இருந்தபடியால் செவ்வழுகல் அதைக் கண்டுகொண்ட பின் வயலுக்கு வயல் பரவிற்று. எங்கள் ஊர்ப் படுகை முழுதும் கோ.சி. 671 மாத்திரமே இருப்பதை நான் எண்ணிக் கொண்டேன்.

இன்னொரு விஷயம் கேட்டுச் சற்று ஆறுதல் உண்டாயிற்று. தமிழ்நாட்டில் இப்போது மிகுதியாகப் பயிராவது கோ 86032. வெல்லத்துக்கும் ஏற்றது, செவ்வழுகலை எங்கள் இரகத்தைக் காட்டிலும் தாங்கி நிற்பது. அதன் தாய் கோ 62198, தந்தை கோ.சி. 671. நான் எந்தக் கரும்பின்மேல் மோகம் கொண்டிருந்தேனோ அதன் பிள்ளையே அது என்று அறிந்தபோது, இத்தனை வருஷம் பிடிவாதம் பிடித்தது இன்னும் மதியீனமாகத் தோன்றிற்று. எங்கள் தாழ்ந்த நிலத்துக்கு எது பொருந்தும் என்பதைக் கடலூரில் கேட்டு நிச்சயித்துக் கொள்ளும்படி அம்மையார் சொன்னார். நான் கொண்டு வந்த கரும்பையும் சாக்கையும் அவர்களே எரித்து விட்டார்கள். சாக்கு புதியது என்று நான் முனகியதற்கு ஒருவரும் செவி கொடுக்கவில்லை.

நிலையத்தில் நாற்றுக்குச் சொல்லிவைக்க வந்திருந்த பேரூர்ப் பக்கத்துக் குடியானவர் ஒருவர் என் கதையைக் கேட்டுக் கொண்டிருந்தார். மத்தியானம் ஆகிவிட்டது, ஹோட்டலுக்குப் போக வேண்டாம் என்று தம் மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு தமது தோட்டத்துச் சாளைக்கு அழைத்துப் போனார். கிணற்றுப் பாசனமுள்ள நிலத்தை அவர்கள் தோட்டம் என்பார்கள்; மானாவாரி நிலம் காடு. சாளை என்பது தோட்டத்து வீடு. அவர் வீட்டம்மாள் அரிசியும் பருப்புஞ் சாதமும் நெய்யும் தயிரும் கொண்டுவந்து வைத்தார்கள். போதும் என்ற சொல்லை அங்கே ஒருவரும் காதில் வாங்குவதில்லை.

அவருடைய ஆழ்குழாய் 800 அடி. கரும்புக்குச் சொட்டுநீர். எங்கள் ஊரில் வாய்க்காலைத் திறந்துவிட்டால் தானே பாயும் என்று சொன்னதைக் கதை கேட்பது போல் கேட்டார். பின்பு, "தண்ணி இல்லாத ஊருல ஒரு சவுகரியமுங்க. ஒருத்தர் தோட்டத்து நோயி இன்னொருத்தர் தோட்டத்துக்கு வாய்க்கால்ல போறதில்லீங்க" என்றார். அச்சாரத்தைப் பற்றி நான் சொன்னேன். மழையில் விதைக் கரும்பு வீணாகிப் போயிற்று என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து விடலாமா என்று எனக்கு ஒரு யோசனை இருந்ததையும், முன்பின் அறியாத அவரிடம் எப்படியோ சொல்லி விட்டேன். ஊராரிடம் சொல்லக் கூசியதை அவரிடம் சொல்லக் கூசவில்லை. அவர் உடனே பதில் சொல்லவில்லை. தயிரை ஊற்றிவிட்டு, "பணம் திரும்பிப் போயிருமுங்க. போன வருசம் வாங்கினவங்க மறுதாம்பு வுட்டிருப்பாங்களே, அவங்களுக்கு ஆருங்க சொல்றது?" என்றார்.

திரும்பி வருகையில் ரயிலில் அந்த வார்த்தையே காதில் இருந்தது. கைக்கு அவர் கொடுத்த ஒரு சீப்புப் பூவன் வாழைப்பழமும், கால் படி கொள்ளும் மடியில் இருந்தன.

ஊர் சேர்ந்த அன்று சாயங்காலமே கிராம நிர்வாக அலுவலரைக் கண்டு, எட்டுப் பேரையும் பிள்ளையார் கோயில் மண்டபத்துக்கு அழைக்கச் செய்தேன். என் வயலிலிருந்து இன்னும் இரண்டு கரும்பு கொண்டுவந்து அவர்கள் முன்னிலையில் பிளந்தேன். வாடை மண்டபம் முழுதும் பரவிற்று. அச்சாரம் கொடுத்தவர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். ஒருவர் மாத்திரம், நாற்றுக்குக் கடலூர் போகும்போது என்னையும் கூட்டிப் போங்கள் என்று சொல்லிப் பணத்தை வாங்க மறுத்தார். சென்ற வருஷம் வாங்கிய மூவரில் இருவர் அப்போதே அரிவாளை எடுத்துக்கொண்டு தங்கள் வயலுக்குப் போனார்கள். ஒருவர் வயலில் நோய் இருந்தது. மற்றவர் வயலில் அன்று வரையில் தென்படவில்லை. மண்டப மூலையில் எங்கள் வெல்லம் காய்ச்சுகிறவரும் நின்றிருந்தார். சுண்ணாம்பின் மேல் தப்பில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். "அது எனக்கு அப்பவே தெரியும்" என்று மாத்திரம் சொன்னார்.

மூன்றாமவர் எனக்குத் தாயாதி முறை. அவர் எழுந்திருக்கவே இல்லை. நெடுநேரம் கழித்து, "அண்ணே, நான் உங்களிடம் வாங்கினதில் பாதியைக் கொள்ளிடத்துக்கு அக்கரையில் என் சம்பந்தி வீட்டாருக்குக் கொடுத்து விட்டேன். அவர்கள் யார் யாருக்குக் கொடுத்தார்களோ" என்றார்.

மறுநாள் காலையில் ஆட்கள் என் வயலில் முதல் தூரைத் தோண்டத் தொடங்கினார்கள். வடிகால் மடையை மேற்கே திருப்புவதற்கு நிர்வாக அலுவலர் நின்று பார்த்துக் கொண்டார். நானும் தாயாதியும் ஒரு அரிவாளையும், அம்மையார் எழுதிக்கொடுத்த தாளின் நகல்கள் சிலவற்றையும் எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் புறப்பட்டோம்.